பின்னறைக்கு இறங்கிய பிசாசுகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று ஒரு முடிவோடுதான் வீட்டுக்கு வந்தார். பின்னறை யாருக்கு என்பது இன்றே தீர்ந்தாக வேண்டும். அங்கே ஒரு சாய்வு நாற்காலி போட்டு விடுமுறை நாள் முழுக்கக் குறட்டை விட வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டாவது தையல் மெஷினை அங்கே போட வேண்டும் என்பது தையல் வேலை செய்யும் அவர் மனைவியின் ஆசை. வாய்ப்பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான மறுநாளே அவருக்குத் தெரிந்துபோயிற்று. அதனால் ஒரு புதுச் சீட்டாட்டம் வாங்கி வந்திருந்தார். கறுப்புப் பெட்டி. மூடியில் ஒரு மண்டை ஓடு இளித்துக்கொண்டிருந்தது.

“ஜெயிக்கிறவங்களுக்குப் பின்னறை. சம்மதமா?”

“எனக்கு இதெல்லாம் ஆடத் தெரியாதுங்களே.”

“நான் சொல்லித் தர்றேன்.” தெரியாது என்பதை நம்பித்தானே அவர் வாங்கியதே.

ஆனால் அவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் விதிமுறைத் தாளைப் படித்துப் பார்த்திருந்தார். செத்த சீட்டு கல்லறைக்குப் போகும் என்றது ஒரு பக்கம். கல்லறையிலிருந்து எழுந்து வரும் என்றது மறு பக்கம். அப்புறம் எதற்கு மெனக்கெட்டுச் சாக வேண்டும்?

பெட்டிக்குள் இருந்த சீட்டு உறைகளில் ஆளுக்கு ஒன்றைப் பிரித்தார்கள். உள்ளே எது வரும் என்று பிரித்தால்தான் தெரியும். அவருக்குப் பளபளவென்று ஒரு சூனியக்காரி வந்தாள்.

“ஏங்க, இந்த எலும்புக்கூடு நல்லவனா, கெட்டவனா?”

“இதுல எல்லாருமே கெட்டவங்கதான்.”

“அப்ப நாம யார் பக்கம்?”

தாளைப் புரட்டினார். அது போட்டிருக்கவில்லை.

“ஆளுக்குப் பத்து உயிர். அடி விழுந்தா உயிர் குறையும். அவ்வளவுதான்.”

“இந்த வவ்வாலை என்ன செய்யிறது?”

“பலி குடுத்தா அதைவிடப் பெரிய பிசாசை இறக்கலாம்.”

“பாவங்க. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?”

அங்கேதான் அவர் விழுந்தார். கடையில்கூட அவரை யாரும் யோசனை கேட்பதில்லை. கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டுக் கூட வந்தவரைத்தான் கேட்பார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நானா இருந்தா வவ்வாலைப் பலி குடுத்து, உன் கையில இருக்கிற அந்தக் கொம்பு வெச்ச பிசாசை இறக்கி, ஒரே போடு.”

அவள் இறக்கினாள். போட்டாள். அவருக்குப் பாதி உயிர் போயிற்று.

“உங்க சூனியக்காரியை இறக்கலையா?”

“அபூர்வச் சீட்டு. மூலை மடங்கிடும்.”

“சரிங்க. இப்ப நீங்களா இருந்தா?”

சொன்னார். இன்னும் கொஞ்சம் போயிற்று.

“ஏன் இப்படி உயிரை வாங்குறே?”

“அதுக்குத்தானேங்க ஆடுறோம்?”

அவரிடம் ஒற்றை உயிர்தான் மிச்சம்.

“கடைசியா ஒரு சந்தேகங்க. செத்த வவ்வாலை எழுப்பலாமா?”

“தாராளமா. எழுப்பி அடிச்சா ஆட்டமே முடிஞ்...” என்றவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் வவ்வால் எழுந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, தையல் மெஷினின் ஒரு முனையை அவரும் மறுமுனையை அவளுமாகத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தபோது அவருக்கு ஏதோ பொறி தட்டியது.

“இரு. உன் ஆட்டத்தையும் நான்தானே ஆடினேன்? அப்ப ஜெயிச்சது நான்தானே?”

“சந்தேகமே இல்லைங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க. கொஞ்சம் ஜன்னலோரமா இறக்குங்க.”