மூன்று நாள் நீண்ட வியாழக்கிழமை

கலஹா,
ஆகஸ்ட் 28, வியாழன் (எங்கள் வீட்டுக் கலண்டர்படி)

அன்பு மகள் நிரோஷாவுக்கு,

இங்கு நானும் உன் மகள் மதுஷாவும் சுகம். அங்கு நீயும் மருமகனும் குளிருக்கு முன்பே கம்பளி எடுத்து வைத்துச் சுகமாயிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் தோழி ஆஸிகா குடும்பத்தோடு இவளை அனுப்பாமல் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா? கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிறது என்கிறாய். ஜூலையில் நீ கொண்டுவந்து விட்ட நாள் முதல் இங்கே மழைதானம்மா. தொடங்காத கோடை எப்படி முடியும்?

மறைக்காமல் சொல்கிறேன். காலையில் கலண்டரில் முந்திய நாள் தாளைக் கிழிப்பது மதுஷாவின் வேலை. கிழித்ததன் பின்புறம் படம் வரைவாள். வியாழன் காலை புதன் தாளைக் கிழித்தாள். ஞாயிறுக்கு முன் மூன்றே தாள்தான் மீதி. மனம் கேட்கவில்லை. வெள்ளி விடியுமுன் அதே புதன் தாளைச் சோற்றுப் பருக்கையால் மேலே ஒட்டிவிட்டேன். எழுந்து கிழித்தாள்; மறுபடியும் வியாழன். "இன்னைக்கும் வியாழனா தாத்தா?" என்றாள். "சில வாரம் அப்படித்தாம்மா வரும்" என்றேன். ஒரு பொய் எத்தனை குட்டி போடும் என்பதற்கு உதாரணம் கேள். வியாழன் என்றால் அவளுக்கு முட்டைப் பொரியல் வேண்டும், பொரித்தேன், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவன் வீட்டில் முட்டை வாசம் அடிக்க, கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் கலாராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க சேர், வெள்ளிக்கெழமையும் அதுவுமா முட்டையா?" பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள், என்ன செய்வேன்? "இன்னைக்கு வியாழந்தானே கலா" என்றேன். அவ்வளவுதான். சேருக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று பொழுது சாய்வதற்குள் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பேச்சு. என்னிடம் படித்த இளங்கோ, ஏழாம் வாய்ப்பாட்டில் வருடம் முழுக்கத் திணறியவன், குரலைத் தாழ்த்தி, "சேர், இன்னைக்கு என்னா கெழமை, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்கிறான். மதுஷா பக்கத்தில் நின்றாள். வியாழன் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிக்கட்டுமா என்கிறான். இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பப் போகிறவனும் அவன்தான்; படித்தாவது தெளியட்டும்.

இன்று சனி. காலையிலும் ஒட்டினேன். கிழித்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மழையைப் பார்த்தபடி, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து அது விழுமுன் வாயில் போடும் போட்டி வைத்தோம். என்னுடையதுதான் எப்போதும் விழுந்தது. இப்படி இன்னும் ஏழு வியாழன் போதும் நிரோஷா. அதற்குமேல் கேட்கமாட்டேன்.

கதிர்காமத்தான் உங்கள் இருவரின் உடம்பையும் வேலையையும் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்பு அப்பா,
சுந்தரலிங்கம்

பி.கு.: டிக்கெட்டை மாற்றாதே. எழுதி முடித்து நிமிர்ந்தால் கலண்டரில் ஞாயிறு நிற்கிறது. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி மிச்சத்தை அவளே கிழித்துவிட்டாள். "ஏம்மா?" என்றேன். "அம்மாவ பாக்கணும் தாத்தா." பிறகு, "ஒங்க புதன் தாளுக்குப் பின்னால நான் வரைஞ்ச யானை இருந்திச்சே, அப்பவே தெரியும்" என்றாள். கிழித்த தாள்களை அடுக்கி என் கையில் வைத்தாள்.

"நான் போன பொறகு ஒட்டிக்கோங்க."