"புடிச்சிருக்குங்களா?"

தலையில் இடி விழுந்தாலும் நான் அசைய மாட்டேன். கொசு கடித்தால்தான் ஊரைக் கூட்டுவேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டைவிட்ட அன்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அதே வாரம் பேனா கசிந்து சட்டை பாழானதற்கு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இந்த லட்சணத்தோடுதான் எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், கம்பைநல்லூருக்குப் பெண் பார்க்கப் போனேன்.

வாழ்க்கையையே தீர்மானிக்கிற நாள். எனக்கோ கவலையெல்லாம் புது பேன்ட் மேல். டைலர் அன்று காலையில்தான் கொடுத்தார். இடுப்பு இரண்டங்குலம் குறைவு. ('நல்லா டைட்டா தைங்க' என்று சொன்ன புண்ணியவான் நானேதான்.) மூச்சை இழுத்துப் பிடித்துக் கொக்கியை மாட்டிக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறினேன்.

பெண் வீட்டில் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார்கள். போண்டா வேறு வந்தது. மரியாதைக்காக நான்கு தின்றேன். பெண் காபியோடு வந்து நின்றாள். பார்த்ததுமே, சத்தியமாக, எனக்குப் பிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக்கூட இடுப்பு அனுபவிக்க விடவில்லை. கட்டைவிரலை பேன்ட்டுக்குள் விட்டு நெளிந்துகொண்டிருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா பரிவாகக் கேட்டார்:

"புடிச்சிருக்குங்களா?"

என் கஷ்டம் ஒருவருக்காவது புரிந்ததே என்று நெகிழ்ந்துபோனேன்.

"ரொம்பப் புடிக்குதுங்க. மூச்சே வுட முடியலீங்க. திருப்பிக் குடுத்துட்டு வேற பாக்கலாம்னு இருக்கறேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "திருப்பிக் குடுக்கறதா? நாங்க இன்னும் குடுக்கவே இல்லீங்களே!"

"அடேய், பொண்ணக் கேக்கறாருடா!" என்று அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

நல்ல பெண், கை நழுவிப் போகிறாளே என்று பதறி எழுந்தேன். பட்டென்று கொக்கி தெறித்துப் போண்டாத் தட்டில் விழுந்தது. இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அவரு பேன்ட்டச் சொல்றாருங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

வருங்கால மாமனாரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். அடுத்த தை மாதம் கல்யாணம். (பதற்றமே இல்லை. மாலை நார் கழுத்தில் உறுத்தியதுதான் தாங்கவில்லை.)

இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்தால் பிள்ளைகள் வேண்டுமென்றே தங்கள் அம்மாவைக் கேட்பார்கள்: "அம்மா, உனக்கு அப்பாவைப் புடிச்சிருக்கா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"அன்னிக்கு என்னை யாருடா கேட்டாங்க? கட்டுன நாள்லயிருந்து புடிக்குது. என்ன பண்றது, பழகிப்போச்சு."