ஒரு பாராட்டுக்கு மூன்று பங்காளிகள்

ஃபினிஷிங் செக்‌ஷன் சுவரில் நந்தகோபால் ஒட்டியிருந்த தாளை, காலை பத்து மணிக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாக அவர் சூப்பர்வைசர். போன வாரம் நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன ஷூ வாங்கும் ஜெர்மன் பையரம்மாவின் மெயில்தான் அந்தத் தாள்: ‘உங்கள் கம்பெனியில் நான் கண்டது என்வியபிள்.’

பொருள் சொன்னவள் ஆபீஸ் நித்யஸ்ரீ. “பொறாமைப்படுறவங்க என்வியஸ், சார். அடுத்தவங்களப் பொறாமைப்பட வைக்கிறது என்வியபிள்.”

அன்றிலிருந்து நந்தகோபாலின் கால் தரையில் படவில்லை. அந்தம்மா கால் மணி நேரம் நின்றது இவர் செக்‌ஷனில். பாலிஷ் போட்ட ஷூவில் முகம் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டதும் இங்கேதான். வேறு சாட்சி எதற்கு?

கிழிந்த தாளோடு கட்டிங் சைராவிடம் போய் நின்றார்.

“நாங்க என்வியபிள், நீங்க என்வியஸ். அதான் கிழிச்சிட்டீங்க!”

“இன்னாண்ணா பேசுற? நான் தோல வெட்டிக் குடுக்காட்டி எதுக்குப் பாலிஷ் போடுவ, உன் மண்டைக்கா?”

ஸ்டிச்சிங் பாரதி மெஷினை நிறுத்தினாள். “நீ வெட்டு, அவரு மினுக்கட்டும். தைக்காம கால்ல சுத்திக்கினு போவாங்களா?”

நந்தகோபால் பேரம் பேசிப் பழகிய ஆள். கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி, வாரத்துல ஆளுக்கு ரெண்டு நாள் தாளு.”

“ஞாயித்துக்கெழம?” என்றாள் பாரதி.

“எனக்கு,” என்றார் வாட்ச்மேன் ராமலிங்கம்.

நந்தகோபால் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். எது ஒரிஜினல் என்று சண்டை ஜாஸ்தியானது. மதியம் சைரா கத்திரிக்காய் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். பாரதி ஊறுகாயோடு வேறு பக்கம். நந்தகோபால் வெறும் தயிர்சோற்றைக் கௌரவத்தோடு விழுங்கினார்.

“பேஜாரே வாணாம். எந்த செக்‌ஷன்னு அந்தம்மாவையே கேட்டு எழுதும்மா, நித்யா. ஜெயிச்சவங்களுக்குத் தோத்தவங்க கம்பெனி கேட்டுல ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கணும்!” என்றார்.

சாயங்காலமே ஸ்டூடியோவுக்குப் போய், கோட்டு வாடகைக்கு வாங்கி, ஃப்ளெக்ஸுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. மூன்று மூலையில் மூன்று கூட்டம், முதுகைக் காட்டிக்கொண்டு. நித்யஸ்ரீ நடுவில் நின்று போனைப் பார்த்துப் படித்தாள்:

“‘கட்டிங், ஸ்டிச்சிங், ஃபினிஷிங்லாம் எங்க ஊர்லயும் இருக்கு. மத்தியானம் எல்லாரும் ஒரே வட்டமா உக்காந்து, ஒருத்தர் டப்பாவுல ஒருத்தர் கைய வுட்டு சாப்ட்டீங்களே, அதத்தான் சொன்னேன்’னு எழுதியிருக்காங்க, சார்.”