இன்னும் இருபது விநாடி

முந்நூறு விநாடி. ஒரு மனிதர் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் இது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றால் அவசரம். முந்நூற்றொன்று என்றால் சோம்பல். இந்த இனத்துக்கு இடைவேளைக்காரர் என்று பெயர். வேலை செய்யும்போது இவரை அடையாளம் கண்டுகொள்ள முடியாது, எல்லோரையும் போலத்தான் செய்வார். ஓய்வெடுக்கும்போது பாருங்கள். உலகத்தில் வேறு யாரும் அவ்வளவு கஷ்டப்பட்டு ஓய்வெடுப்பதில்லை.

இவர்கள் எங்கும் உண்டு என்றாலும், சுவர் ஏறிப் பழகும் கூடங்களில் சற்று அடர்த்தியாகக் காணப்படுவார்கள். அப்படி ஒரு கூடத்துக்குள் நீங்கள் போனதில்லையா? பெரிய கொட்டகை. உள்ளே, நம் மேல் கவிழ்ந்து விழப்போவது போலச் சாய்ந்து நிற்கும் பலகைச் சுவர். சுவர் முழுக்க வண்ண வண்ணமாகத் திருகி மாட்டிய பிடிகள். கீழே முழங்கால் உயரத்துக்கு மெத்தை. ஒரே நிறத்துப் பிடிகளை மட்டும் தொட்டு மேலே போய், கடைசிப் பிடியை இரண்டு கையாலும் பற்றிவிட்டால் அந்த வழி முடிந்தது. நடுவில் விழுந்தால் மெத்தை. எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏற வேண்டியதுதான். இந்த ‘மூச்சு வாங்கி’ என்ற இடத்தில்தான் நம்மவர் குடியிருக்கிறார்.

நம்மவருக்கு வயது நாற்பத்தாறு. தொழில் மருந்துக்கடை. இருபது வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, ‘சாப்பாட்டுக்குப் பின், எட்டு மணி நேரத்துக்கு ஒன்று’ என்று ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்தவர். பள்ளிக்கூட நாளில்கூட ஒரு பந்தைப் பிடித்தவர் இல்லை. அவரை மனைவியின் தம்பி ஒருநாள் சும்மா வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போய்ச் சுவரில் ஏற்றிவிட்டான். மெத்தையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், இரண்டாவது பிடியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை ஆசைப்பட்டார். சாய்ந்த சுவரின் நடுவே ஒன்பது பிடிகளோடு போகும் மஞ்சள் வழியைக் காட்டி, “இதை நான் ஏறிக் காட்டறேன் மாப்ள” என்றார். அப்படிச் சொல்லிப் பதினொரு மாதம் ஆகிறது.

மைத்துனன் அதை மூன்றாவது மாதமே ஏறி முடித்துவிட்டான். எப்படி என்று கேட்கிறீர்களா? ஏறுவான், விழுவான், தண்ணீர் குடிப்பான், பக்கத்தில் இருப்பவரிடம் வம்பளப்பான், வம்பு சலித்ததும் எழுந்துபோய் மறுபடி ஏறுவான். ஒருநாள் பார்த்தால் உச்சியில் இருந்தான். அன்றைக்கு இடைவேளைக்காரர் கைதட்டவில்லை, விசாரணை நடத்தினார்.

“நடுவுல எவ்வளவு நேரம் ரெஸ்ட் எடுத்த?”

“தெரியலையே மச்சான். அந்த ஸ்கூட்டர் கதை முடியற வரைக்கும்.”

“ஸ்கூட்டர் கதை எத்தனை நிமிஷம்?”



மறுநாளே அவர் டைமர் ஒன்று வாங்கினார். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் தீப்பெட்டி அளவுச் சாமான். ஆனால் கீச்சென்று அது போடும் சத்தத்துக்குக் கொட்டகையின் மறுகோடியில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். ஏழு விநாடி தொங்கு, மூன்று விநாடி விடு, இப்படி ஆறு தடவை, பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு: இது வீட்டில், அடுக்களைக் கதவுக்கு மேல் அடித்து வைத்த பலகையில். நாற்பத்தைந்து விநாடி ஏறு, ஐந்து நிமிடம் ஓய்வு: இது கூடத்தில். ஏறுவதற்கு ஒரு கீச், விடுவதற்கு ஒரு கீச். ஓய்வு என்றால் நீங்களும் நானும் எடுக்கிற ஓய்வு இல்லை. மெத்தையில் நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, தாடையைத் தளர்த்தி, புருவத்தைத் தளர்த்தி, தளர்த்தியவை எல்லாம் தளர்ந்தே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, யாராவது “சௌக்கியமா?” என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு, “பேசாதீங்க, ரெஸ்ட்ல இருக்கேன்” என்பார். ஏறும்போது வராத வியர்வை அப்போது வரும்.

வீட்டில் நிலைமை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஏழு விநாடியில் யாரும் அடுக்களைக்குள் போகவோ வரவோ முடியாது, ஏனென்றால் வாசலில் குடும்பத் தலைவர் தொங்கிக்கொண்டிருக்கிறார். மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். நாள் முழுக்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் “அஞ்சே நிமிஷம்” என்று சொல்வது அவர் வேலை. ஐந்து நிமிடம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அப்பேர்ப்பட்டவரையே இவர் அசத்திவிட்டார். ஒரு சண்டையின் நடுவில் கையை உயர்த்தி, “கொஞ்சம் நிறுத்து. அஞ்சு நிமிஷம் கேப் விட்டுப் பேசினாத்தான் தெளிவாப் பேச முடியும்” என்றார்.

“தாராளமா விடுங்க” என்றார் மனைவி. ஐந்து நிமிடம் கழித்து இவர் தெளிவாகப் பேச வாயைத் திறந்தபோது, அவர் இடைவேளையில் ஞாபகப்படுத்திக்கொண்ட பழைய விஷயங்கள் ஏழு, வரிசையாக நின்றன.

இவ்வளவு பயிற்சியும் வீண்போகவில்லை. விரல்கள் நன்றாகப் பழகின. எதற்குப் பழகின என்பதுதான் கேள்வி. போன மாதம் மருந்துக்கடையில், யாரோ ஒருவருடைய கைப்பேசி கீச்சென்றது. இவர் கையில் இருந்த இருமல் மருந்துப் புட்டி நேரே தரைக்குப் போனது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்ததை அறிவித்தது. இவர் கையில் இருந்த காபிக் கோப்பை மடியில் கவிழ்ந்தது. கீச் என்றால் விடு. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன, அவ்வளவுதான்.

“மச்சான், இது நல்லதுக்கில்ல. கொஞ்ச நாள் அந்த டப்பாவை அணைச்சு வைங்க” என்றான் மைத்துனன்.

“முன்னேற்றம்னா பக்க விளைவு இருக்கத்தான் செய்யும்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

இந்த நிலையில்தான் கூடத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சாய்ந்த சுவரில் உள்ள பிடிகள் அத்தனையும் கழற்றப்படும். திங்கட்கிழமை புது வழிகள். மஞ்சள் வழிக்கு ஆயுள் ஐந்து நாள். ஏழாவது பிடிக்கு மேல் இவர் போனதில்லை. வெள்ளிக்கிழமை இரவு மனைவி தட்டை வைத்துக்கொண்டே, “நாளைக்கு நானும் வரேங்க, பாக்கணும்” என்றார். பதினொரு மாதத்தில் முதல் தடவை.

சனிக்கிழமை ஆறு மணிக்கே வந்துவிட்டார். முதல் முயற்சி, ஆறாவது பிடி, மெத்தை, ஐந்து நிமிடம். அடுத்தது, ஏழாவது பிடி, மெத்தை, ஐந்து நிமிடம். கணக்குப் பிசகாமல் போனது. ஏழரைக்கு, பிடி மாட்டும் பெண் கையில் திருகு இயந்திரத்தோடு வந்து நின்றாள். “அண்ணே, எட்டுன்னா எட்டு. பிடியெல்லாம் கழுவ எடுத்துட்டுப் போக வண்டி வெளிய நிக்குது.”

ஏழு ஐம்பத்தெட்டுக்கு டைமர் கீச்சென்றது. எழுந்தார். அன்றைக்கு அவர் ஏறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்காவது பிடியில் கால் வழுக்கவில்லை. ஆறாவதில் மூச்சு வாங்கவில்லை. ஏழாவதைத் தாண்டி எட்டாவதைத் தொட்டபோது, கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் வேலையை விட்டுவிட்டு வந்து கீழே நின்றார்கள். மனைவி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எட்டாவதில் சற்றே நிதானித்து, வலது கையை வீசினார். ஒன்பதாவது பிடி உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. இடது கை கிளம்பியது. விரல் நுனிகள் பிடியின் விளிம்பைத் தொட்டன.

கீச்.

பத்து விரல்களும் விரிந்தன.

மெத்தையில் மல்லாந்து விழுந்தவர் கேட்ட முதல் கேள்வி: “எவ்வளவு ஆச்சு?”

“நாப்பத்தஞ்சு விநாடி மச்சான். கரெக்டா.” மைத்துனனுக்கு அழுகை வந்தது.

அவர் முகத்தில், ஒரே ஒரு கணம், திருப்தி தெரிந்தது.

“ஏங்க, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு” என்றார் மனைவி. “எழுந்திருங்க. அதைக் கழட்டி என் கையில குடுத்துட்டு ஏறுங்க.”

“அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுக்காம ஏறினா விரல் பிடிக்காது.”

“இப்ப பிடிச்சுதே!”

“அது ரெஸ்ட் எடுத்ததால.”

பிடி மாட்டும் பெண் மனசு இளகி, “சரிண்ணே, நான் அந்தக் கோடியிலேருந்து கழட்டிட்டு வரேன். மஞ்சளைக் கடைசியா வெச்சுக்கறேன்” என்று போனாள். சிவப்புப் பிடிகள் விழுந்தன. நீலப் பிடிகள் விழுந்தன. “மச்சான், போதும், ஏறுங்க” என்றான் மைத்துனன். “மூணு நிமிஷம்.” பச்சை விழுந்தது. “அண்ணே, ஏறிடுங்க” என்றாள் அந்தப் பெண் தூரத்திலிருந்து. “ரெண்டு நிமிஷம்.” சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அவர் புருவத்தைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வெளியே காத்திருந்து அலுத்துப்போன வண்டிக்காரர் உள்ளே வந்தார். அவருக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. எட்டரைக்கு வேறொரு இடத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஒரு கை கொடுத்தால் சீக்கிரம் முடியுமே என்று, கீழே கிடந்த இன்னொரு திருகு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, தனக்குக் கிட்டத்தில் இருந்த பிடியில் வைத்தார்.

“ஐயையோ, அது வேணாங்க!” என்று மனைவி ஓடினார்.

கண் திறக்காமலே கையை உயர்த்தி இடைவேளைக்காரர் சொன்னார்: “இன்னும் இருபது விநாடி.”

மஞ்சள் வழியின் முதல் பிடி தொப்பென்று அவர் காதருகே விழுந்தது.

பெண் ஓடி வந்தாள், வண்டிக்காரர் மன்னிப்புக் கேட்டார், “எனக்கு யாரும் சொல்லலையேம்மா” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு டைமர் கீச்சென்றது. ஏறலாம். அவர் எழுந்து, கை வழுக்காமலிருக்கப் பொடி தடவிக்கொண்டு, சுவருக்கு எதிரே போய் நின்றார். முதல் பிடியைத் தொடாமல் ஏறினால் வழி கணக்கில் சேராது; அது இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று, அன்றைக்கு, அவரே குறிக்கவில்லை.

அந்தப் பெண் ஒன்பதாவது பிடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். இப்போது அது அவர் வீட்டு அடுக்களைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கைக்கடிகாரம் பத்தாயிரம் அடியை ஒப்புக்கொள்ளவில்லை என்று, வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் உள்ளே நுழையாமல், மிச்சம் நாற்பது அடியை முன்னும் பின்னுமாக நடந்தவர் யார்? தூக்கம் வந்த பிறகும், எட்டு மணி நேரம் சரியாக வருகிறதா என்று விரல்விட்டு எண்ணி, எண்ணிய காரணத்தாலேயே தூக்கத்தைத் தொலைத்தவர் யார்? பேச வேண்டியவரிடம் பேசாமல், முதலில் ஐந்து நிமிடம் மனசு ஆறட்டும் என்று காத்திருந்து, அவர் கிளம்பிப் போன பிறகு வாசலில் தெளிவாக நின்றவர் யார்? இதைப் படிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று ஆரம்பிக்கும்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தீர்களே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?

அவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தார். தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குச் சுவரில் புது வழிகள் திறக்கின்றன. டைமரில் நாற்பத்தைந்தை அழித்து ஐம்பது வைத்திருக்கிறார்.