நிழல் மேம்பாட்டு இயக்குநரகம்

எங்கள் நாட்டில் உழைக்கிறவர்கள் இரண்டு வகை. நிழலில் உட்கார்ந்து உழைக்கிறவர்கள் ஒரு வகை. வெயிலில் நின்று உழைக்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையாருக்கு நாற்காலி உண்டு, அடையாள அட்டை உண்டு, மாதம் பிறந்தால் சம்பளமும் உண்டு. இரண்டாம் வகையாருக்கு 'ஜுவா காலி' என்ற பெயர்தான் உண்டு. சுவாஹிலியில் கொளுத்தும் வெயில் என்று அர்த்தம். தகரம் தட்டுகிறவன், செருப்புத் தைக்கிறவன், சோளம் சுட்டு விற்கிறவள் எல்லோரும் ஜுவா காலிதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெண் கேட்கப் போகிற இடத்தில்கூட, "பையன் ஜுவா காலியில் இருக்கிறான்" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். பெண் கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

நானும் அந்த வகைதான். பெயர் ஓதெரோ. நைரோபியில், ஆற்றோரப் பட்டறை வரிசையில் கரி அடுப்பு செய்கிறேன். எனக்குப் பக்கத்து இடம் முதேயுவுடையது. அவள் தகரப் பெட்டி செய்கிறவள். ஜனவரியில் விடுதிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் ஆளுக்கொரு தகரப் பெட்டியோடு போயாக வேண்டும். அந்த ஒரு மாத வியாபாரத்தை வைத்துத்தான் முதேயு வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அரசாங்கம் மறந்துவிட்டது.

இப்படியிருக்கையில் எங்கள் மந்திரி வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போனார். அங்கே ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, "உங்கள் நாட்டில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முறைசாராத் தொழிலில்தான் சேருகிறார்களாமே, இதை எப்போது குறைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். மந்திரி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "ஒரே வருஷத்தில்" என்றார். அது தண்ணீராக இருந்திருக்காது என்பது முதேயுவின் கருத்து.

மந்திரி விமானத்தை விட்டு இறங்கியதும் 'வெயில்சார் தொழில் குறைப்பு மற்றும் நிழல் மேம்பாட்டு இயக்குநரகம்' உதயமானது. அதன் டைரக்டராக வெகேசா என்பவர் பொறுப்பேற்றார். படித்தவர், பண்பானவர், எதையும் வேரிலிருந்து ஆராய்கிறவர். ஆராய்வதற்காக அதிகாரிகளை அழைத்துக்கொண்டு நைவாஷா ஏரிக்கரை ஓட்டலில் ஒரு வாரம் தங்கினார். ஏரி மீனைப் பொரித்துத் தின்றபடி அவர்கள் கண்டறிந்தது இது: ஜுவா காலிக்கு மூலகாரணம் ஜுவா, அதாவது சூரியன். சூரியனை அகற்றுவது தங்கள் இயக்குநரகத்தின் அதிகார வரம்புக்குள் வராது என்பதால், தொழிலாளர்களுக்கு நிழல் வழங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. எவன் தலைமேல் நிழல் விழுகிறதோ அவன் அந்தக் கணமே முறைசார் தொழிலாளி.

நிழலுக்குக் குடை வேண்டும். குடை வழங்கும் ஒப்பந்தம் ஒரு நேர்மையான கம்பெனிக்குப் போயிற்று. அதன் நேர்மையை டைரக்டர் நெடுநாளாக அறிவார். அது அவருடைய மச்சானின் கம்பெனி.

நவம்பரில் குடைகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கல்யாணம் நடத்துகிற அளவு. பச்சைத் துணி, நடுவில் அரசாங்க முத்திரை. கிபெட் என்ற அதிகாரி வரிசை வரிசையாக நட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, இனிமே நீங்க ஜுவா காலி இல்ல. முறைசார் தொழிலாளி" என்றார் முதேயுவிடம்.

"அப்படியா? என்ன மாறிச்சு?"

"நிழல் வந்திருச்சுல்ல?"

"சம்பளமும் வருமா?"

"எங்க இயக்குநரகத்துல நிழல் மட்டுந்தான் வரும். சம்பளம் யாருக்கும் வராது" என்றார் கிபெட். கடைசி வார்த்தைகளை ஒரு மாதிரி துக்கத்தோடு சொன்னார். எங்களுக்கு அப்போது புரியவில்லை.

பொய் சொல்லக் கூடாது, நிழல் நன்றாகத்தான் இருந்தது. சுத்தியலைத் தொட்டால் சுடவில்லை. மத்தியானம் பீன்ஸும் சோளமும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரலாம். டிசம்பர் பிறக்கிறவரை இந்தச் சுகம் நீடித்தது. பிறகு கிபெட் மறுபடி வந்தார்.

"அக்கா, உங்க நியமன உத்தரவைக் காட்டுங்க."

"அது யாரு குடுப்பா?"

"உங்க முதலாளி."

"எனக்கு நான்தான் முதலாளி."

"அப்ப நீங்களே உங்களுக்குக் குடுக்கணும்."

முதேயு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வலப்பக்கம் திரும்பி, "முதேயு, உன்னை வேலைக்கு வெச்சுக்கிட்டேன்" என்றாள். இடப்பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றிங்க முதலாளி" என்றாள். கிபெட் சிரிக்கவில்லை. தலையை ஆட்டி அங்கீகரித்தார்.

"முதலாளி முதேயு, உங்க தொழிலாளிக்கு வருஷத்துக்கு மூணு வாரம் சம்பளத்தோட லீவு குடுத்தீங்களா?"

"நான் தகரம் தட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து லீவே குடுத்ததில்லையே."

கிபெட்டின் முகம் கறுத்தது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தொழிலாளி முதேயு, பயப்படாம சொல்லுங்க. உங்க முதலாளி உங்களைக் கொடுமைப்படுத்துறாங்களா?"

"நல்ல மனுஷிதான் சார். முன்கோபம் ஜாஸ்தி. சில நாள் பட்டினி போட்டு வேலை வாங்கிருவா."

"இதைப் புகாரா எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க. ஆனா நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

வரிசை முழுக்கச் சுத்தியல்கள் நின்றன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் அடுப்பின் மேலேயே சாய்ந்துவிட்டேன். நல்லவேளை, அதில் நெருப்பு இல்லை.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. முதலாளி முதேயு தன் தொழிலாளிக்கு இழைத்த அநீதி ஐயந்திரிபற நிரூபணமாகிவிட்டதாம். எனவே மேற்படி தொழிலாளியின் நலன் கருதி, அவர் ஓய்வெடுக்க ஏதுவாக, ஜனவரி முதல் மூன்று வாரம் அந்த இடம் பூட்டி முத்திரையிடப்படுமாம்.

ஜனவரி! பெட்டி விற்கிற மாதம். முதேயு தகரம் வெட்டுகிற கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் என் அடுப்புகளைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்தது என் முறைதானே.

"ஓதெரோ, பிள்ளைங்க பசிக்குதுன்னு வந்தா லீவை வேகவெச்சுப் போடவா?" என்றாள்.

"குடைதானே இதுக்கெல்லாம் காரணம்? மடக்கிப் போடு" என்றேன் நான். என் வாழ்க்கையில் நான் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் வரிசையில் ஒரு குடைகூட விரிந்திருக்கவில்லை. வெயிலில் நிற்கிறவன் ஜுவா காலி. ஜுவா காலிக்கு லீவும் கிடையாது, பூட்டும் கிடையாது.

இயக்குநரகம் இதை லேசில் விடவில்லை. ஜனவரி பிறந்ததும் டைரக்டர் வெகேசாவே டி.வி.காரர்களைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். பின்னால் கிபெட், கையில் பெரிய பூட்டோடு. முதேயு மடக்கிய குடையின் மேல் துணி காயப் போட்டுவிட்டு, நட்ட நடு வெயிலில் நின்றிருந்தாள். சுற்றிலும் விற்கிறதற்குத் தயாராகப் பெட்டிகள்.

"டைரக்டர் ஐயா, நல்லாப் பாத்துக்குங்க. என் தலைக்கு மேல ஒண்ணுமில்ல. நான் ஜுவா காலி. உங்க சட்டம் எனக்கு ஒட்டாது."

டைரக்டர் அண்ணாந்து பார்த்தார். சட்டத்தை மதிக்கிற மனிதர் அவர். "வாஸ்தவம்தான்" என்று சொல்லி, வண்டியை நோக்கித் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து மலைப் பக்கமிருந்து பாழாய்ப்போன ஒரு மேகம் வந்தது.

"சார், நிழல்!" என்றார் கிபெட்.

"யோவ், இது மேகம்யா!" என்று கத்தினேன்.

"நிழல் எங்கேருந்து வந்துச்சுன்னு சட்டம் கேக்காது" என்றார் டைரக்டர். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். எங்கள் வரிசையில் நிழல். பாலத்தின் மேல் நிழல். அதற்கப்பால் சந்தை, பஸ் நிலையம், கண்ணுக்கெட்டின தூரம் எல்லாம் நிழல். அவர் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்தார். "ஐயா! நகரம் முழுக்க முறைசார் ஆயிருச்சுங்கய்யா! ஆமாங்கய்யா, ஒருத்தர் பாக்கியில்ல! நீங்க அந்த வெள்ளைக்காரருக்குச் சொல்லிரலாம்!"

மந்திரி சொல்லியும்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கிபெட் பூட்டைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். "அக்கா, முறைசார் தொழிலாளி ஆயிட்டீங்க. லீவுல போங்க."

"கொஞ்சம் இருங்க தம்பி. முதலாளி தன் ஆளுகிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்." முதேயு வலப்பக்கம் திரும்பினாள். "ஏண்டி முதேயு, உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன். கிளம்பு!" இடப்பக்கம் திரும்பினாள். "போடி, உன் பட்டறையும் வேணாம், நீயும் வேணாம்!" சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் டைரக்டர்.

"ஆளே இல்லாத முதலாளிய எந்தச் சட்டத்துல பூட்டுவீங்க? லீவு யாருக்கு? நான் இப்ப வேலையில்லாதவ."

டைரக்டர் கிபெட்டைப் பார்த்தார். கிபெட் யோசித்துவிட்டு, "சட்டப்படி சரியாத்தான் இருக்கு சார்" என்றார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஓதெரோ, நீயும் போடா வெளியே!" என்று என்னைப் பார்த்து நானே கத்தினேன். இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு இதுதானா மரியாதை என்று ஒரு கணம் மனசு சுருக்கென்றது. அதற்குள் வரிசை முழுவதும் ஆளாளுக்குத் தங்களைத் தாங்களே திட்டி வேலையை விட்டு நீக்கிக்கொண்டிருந்தார்கள். செருப்புத் தைக்கிறவன் தன்னைத் திருடன் என்றான். சோளக்காரி தனக்கு முன்னறிவிப்பு கொடுக்கவில்லை என்று தன்னோடு சண்டைக்குப் போனாள். விஷயம் பாலத்தைத் தாண்டிச் சந்தைக்குப் பரவியது.

டைரக்டருக்கு வியர்த்துவிட்டது. முறைசாராத் தொழில் பெருகினால் மந்திரிக்கு வெளிநாட்டில்தான் அவமானம். வேலையில்லாதவர்கள் பெருகினால் உள்ளூரில் தேர்தல்.

"அக்கா, கேமரா ஓடுது. தயவுசெஞ்சு வேலையைப் பாருங்க!"

"பாத்தா பூட்டுவீங்களே."

"வெயில்ல நின்னு பாருங்க, நான் கண்டுக்கவே மாட்டேன்!"

"வெயில் எங்கய்யா இருக்கு?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மேகம் நகர்கிற வழியாக இல்லை. நிழல் மேம்பாட்டு இயக்குநரகத்தின் டைரக்டர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி, "ஆண்டவரே, கொஞ்சம் வெயில் குடும்" என்று வாய்விட்டு ஜெபித்தார். கிபெட் 'ஆமென்' சொன்னார். டி.வி.காரன்கூடக் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆண்டவர் நல்லவர். வெயில் வந்தது, சுள்ளென்று.

"எல்லாரும் ஜுவா காலி! எல்லாரும் வேலைக்குப் போங்க!" என்று டைரக்டர் கூவினார். சுத்தியல்கள் ஒன்றாக விழுந்த சத்தத்தில் அவர் அதற்குமேல் சொன்னது கேட்கவில்லை. குடைத் திட்டம் கைவிடப்பட்டது என்று சொன்னாராம். அந்த ஜனவரியில் முதேயு ஒரு பெட்டி மிச்சமில்லாமல் விற்றாள். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷப்பட நேரமில்லை.

இயக்குநரகத்தை மூடிவிட்டார்கள். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. அங்கே யாரிடமும் நியமன உத்தரவு இல்லை. கிபெட் ஆரம்பத்திலிருந்தே சம்பளம் பார்க்காதவர். டைரக்டரே 'தற்காலிகப் பொறுப்பு'தான். அவர்களை வேலையிலிருந்து நீக்கக்கூட வழியில்லை. வேலையில் சேர்த்ததற்கு எந்த அத்தாட்சியும் கிடையாது. கிபெட் எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். இப்போது முதேயுவின் பெட்டிகளுக்குப் பூட்டு விற்கிறார். நல்ல வியாபாரம்.

இந்த வெற்றிக்குப் பிறகு நாங்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தோம். யார் வேண்டுமானாலும் வந்து கடை போடலாம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா? குடையை மடக்கச் சொன்ன மூளை என்னுடையது என்பதால் என்னையே செயலாளர் ஆக்கினார்கள். ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார்கள். சங்கத்தின் ரப்பர் முத்திரை வெயிலில் இளகிவிடக் கூடாதே என்பதற்காக மட்டும் அந்தப் பழைய குடைகளில் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் உச்சிவேளையில் வெகேசா வந்தார். கழுத்தில் டை இல்லை. மச்சானிடம் மிஞ்சிப்போன குடைகளில் இரண்டைத் தோளில் சுமந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஓதெரோ அண்ணே, ஒரு மூலையில இடம் குடுத்தீங்கன்னா இதை வித்துப் பொழச்சுக்குவேன்."

"நீங்க ஜுவா காலிதான்னு என்ன அத்தாட்சி?"

"வெயில்லதானே அண்ணே நிக்கிறேன்?"

"அது இன்னிக்கு. முன்னாடி நிழல்ல இருந்தவராச்சே. குழு கூடி ஆராயணும். நைவாஷாவுல ரெண்டு நாள் உக்காந்து பேசலாம்னு ஒரு உத்தேசம் இருக்கு."

பக்கத்தில் சுத்தியல் சத்தம் நின்றது. "யோவ் ஓதெரோ" என்றாள் முதேயு. "உன் தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாத்தியா?"

அண்ணாந்து பார்த்தேன். பச்சைத் துணி, நடுவில் அரசாங்க முத்திரை. அவள் சொல்ல வந்தது எனக்கு நன்றாகவே புரிந்தது. எழுந்து குடையை மடக்கியிருக்கலாம். ஆனால் வெளியே நல்ல வெயில்.

வெகேசா இன்னும் சுமையை இறக்காமல் நின்றிருந்தார். ரப்பர் முத்திரையைப் பெட்டிக்குள் வைத்து, கிபெட்டிடம் வாங்கிய பூட்டால் பூட்டினேன்.

"சாப்பாட்டு நேரம் ஆயிருச்சு" என்றேன். "நாளைக்கு வாங்க."