திருந்தியவர் ஒருவர் தேவை

பயங்கரவாதிகளே இல்லாத ஒரு மாவட்டத்தில் பயங்கரவாதத்தை அடியோடு ஒழித்துக் காட்டிய பெருமை, உலகத்திலேயே எங்கள் அலுவலகம் ஒன்றுக்குத்தான் உண்டு. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆண்டறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. ஆண்டறிக்கையை எழுதியவன் நான்.

அலுவலகத்தின் முழுப் பெயர் 'உள்நாட்டுப் பயங்கரவாதத் தடுப்பு, கண்காணிப்பு மற்றும் மனமாற்ற இயக்ககம்'. ஒருமுறை எங்கள் தட்டச்சர் 'மனமாற்ற' என்பதை 'ஏமாற்ற' என்று அடித்துவிட்டார். மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு, கடிதம் தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்து பதிலும் வந்த பிறகுதான் தவறு தெரிந்தது. பதிலிலும் அப்படியேதான் இருந்தது.

வழிதவறியவர்களைக் கண்டுபிடித்து, பன்னிரண்டு வகுப்புகள் நடத்தி, மனம் மாற்றி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது எங்கள் கடமை. ஆறாவது மாடியில் அதற்கென்று ஒரு வகுப்பறை, இருபது நாற்காலிகள், ஒரு கரும்பலகை. நாலு வருடமாக அந்த நாற்காலிகளில் தூசியைத் தவிர வேறொன்றும் உட்காரவில்லை. மாதாமாதம் 'பிடிபட்டவர் இல்லை, திருந்தியவர் இல்லை' என்று அறிக்கை அனுப்பினோம். இயக்குநர் இதை வெற்றி என்று கருதினார். தலைமையகம் சோம்பல் என்று கருதியது. பார்வைக்குழு ஒன்று வரப்போவதாகவும், திருந்தியவர் ஒருவரையாவது காட்டாவிட்டால் அலுவலகம் மூடப்படும் என்றும் கடிதம் வந்தது.

உடனே அலுவலகத்திலுள்ள நாற்பது பேரும் கூடினோம். எங்கள் இயக்குநர் குரலை உயர்த்தியே பேசாதவர். அன்றும் மெதுவாகத்தான் சொன்னார்.

"பயங்கரவாதி கண்ணுல படலைன்னா என்ன அர்த்தம்? அவ்வளவு தந்திரமா ஒளிஞ்சிருக்கான்னு அர்த்தம்."

இந்த வாசகம் கூட்டக் குறிப்பில் அடிக்கோடிட்டுச் சேர்க்கப்பட்டது.

முதலில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரைப் பரிசீலித்தோம். தெருச் சாக்கடை பற்றிப் பத்திரிகைக்குப் பதினோரு கடிதம் எழுதியவர். எங்கள் படிவத்தின் 'எதிர்ப்பு மனப்பான்மை' என்ற கட்டத்தில் அவருக்கு முழு மதிப்பெண். ஆனால் நாங்கள் அனுப்பிய அழைப்பாணையிலிருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். திருத்துகிறவர் திருந்தமாட்டார் என்று அவரை விட்டுவிட்டோம்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

என் மனைவியின் தம்பி லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பழைய லிப்டுகள் எல்லாம், எங்கள் அலுவலக லிப்ட் உட்பட, அவன் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது லிப்டுக்குள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தால், பாதிச் சாப்பாட்டில் கைகழுவிவிட்டு ஓடுவான். மூன்று வருடம் முன்பு, பஸ் கட்டண உயர்வுக்கு எதிராக ஊர்வலம் நடந்த அன்று, பஸ் ஓடாததால் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தவன் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். பேனர் பிடித்திருந்த ஒருவர், செருப்பு வாரைச் சரிசெய்ய வேண்டும், ஒரு நிமிடம் பிடியுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவனுக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எடுத்த புகைப்படம் எங்கள் கோப்பில், சிவப்பு வட்டத்துக்குள், 'அடையாளம் தெரியாத முக்கியப் புள்ளி' என்ற குறிப்போடு இருந்தது. அது யார் என்று தெரிந்தும் மூன்று வருடமாகச் சொல்லாமல் அவனைக் காப்பாற்றி வந்தேன். இப்போது அலுவலகத்தைக் காப்பாற்றும் முறை வந்தது.

அன்று சாயங்காலமே அவனை வீட்டுக்கு வரவழைத்தேன்.

"ஒரே ஒரு நாள் வேலை மாப்ளே. மேடையில ஏறி 'நான் திருந்திட்டேன்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"எதுலேர்ந்து அத்தான்?"

"அது அரசாங்க ரகசியம். உனக்கே சொல்லக் கூடாது."

என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செய்யாத தப்புக்கு எதற்குத் திருந்த வேண்டும் என்று கேட்டாள். அதுதான் இருப்பதிலேயே சுலபமான திருந்தல் என்று விளக்கினேன். தம்பி அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான்.

விழா அமர்க்களமாக நடந்தது. மேடை ஏறியதும் அவனுக்கு நடுக்கம் வந்து தொண்டை அடைத்துவிட்டது. அதைக் குற்ற உணர்ச்சி என்று எண்ணிப் பார்வைக்குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'முன்னாள் பயங்கரவாதி, தற்போது நல்லவர்' என்று பொன்னிற எழுத்தில் சான்றிதழ். 'தற்போது' என்ற சொல்லை எங்கள் சட்டப் பிரிவு வற்புறுத்திச் சேர்த்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவன் படம்.

அதன் பிறகு சமூகம் அவனை இருகரம் நீட்டி வரவேற்றது. வரவேற்றது என்றால், வாசலைக் காட்டியது. வீட்டுக்காரர் மிகவும் பண்பானவர். நீங்கள் திருந்தியதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம், இனி வேறு வீட்டில் போய்ச் சந்தோஷமாக இருங்கள் என்றார். திருந்தியவர்கள் எந்த அரசுக் கட்டடத்துக்கும் இருநூறு மீட்டர் தூரத்துக்குள் வரக்கூடாது என்பது விதி. அதனால் லிப்ட் கம்பெனி அவனுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டது. திங்கள்தோறும் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நிலையமும் அரசுக் கட்டடம் என்பதால், ஒரு காவலர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இருநூறு மீட்டர் நடந்து வந்து கையெழுத்து வாங்கிப் போனார்.

போதாததற்குப் பின்னாலேயே திரிய மஃப்டியில் ஒருவர். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'நிழல்' என்று பெயர். வாராவாரம் நிழல் எழுதும் அறிக்கையில் 'சந்தேகப்படும்படி எதுவும் செய்யவில்லை' என்றே இருந்தது. இயக்குநர் அதன் ஓரத்தில், 'ஒருவன் இத்தனை நாள் சந்தேகப்படும்படி எதுவுமே செய்யாதது சந்தேகத்துக்குரியது' என்று எழுதினார்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் என்னிடம் வந்தான். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னான். நான் விதிகளைப் பொறுமையாக விளக்கினேன். பெயரை நீக்க வேண்டுமானால், தான் எந்தக் காலத்திலும் பயங்கரவாதியாக இருந்ததில்லை என்று அவன் நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிட்டால், திருந்தியதாக மேடையில் சொன்னது அரசை ஏமாற்றிய குற்றம்; மூன்று வருடம் சிறை. நிரூபிக்காவிட்டால் ஆயுள் முழுவதும் பட்டியலில் இருக்கலாம். இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அவனுக்கு முழுமையாக உண்டு.

"அப்போ நான் எதுவா இருந்தாலும் குத்தம்தானா அத்தான்?"

"அப்படிப் பார்க்கக் கூடாது. சட்டம் உன்னை ரெண்டு பக்கத்துலேர்ந்தும் பாதுகாக்குதுன்னு பாரு."

அவன் அந்த வாரமே மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தான். என் மனைவி அன்றிலிருந்து என்னிடம் 'காபி', 'குடை', 'கதவைச் சாத்துங்க' என்ற அளவில்தான் பேசினாள்.

இரண்டு மாதம் கழித்து, இயக்குநருக்கு விருது அறிவிப்பதற்காகப் பார்வைக்குழுத் தலைவர் மறுபடி வந்தார். இருவரும் ஏறிய லிப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. கம்பெனி அனுப்பிய புது மெக்கானிக்குகள் இரண்டு பேரும் அந்த மெஷினை ஏதோ பெரியவரைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அதன் போக்கு தெரிந்தவன் ஒருவன்தான். அவன் இருநூறு மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தான். அவன் உள்ளே வரச் சிறப்பு அனுமதி வேண்டும். அதில் இயக்குநர் கையெழுத்திட வேண்டும். கதவிடுக்கு வழியாகத் தாளை உள்ளே தள்ளினேன். செல்போன் வெளிச்சத்தில் அவர் முழுவதையும் படித்தார்.

"நகல் எங்கே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நகலையும் தள்ளினேன். இரண்டும் கையெழுத்தாகி வெளியே வந்தன.

அவன் கருவிப் பையோடு ஓடி வந்தான். பின்னால் நிழல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். உள்ளே இருப்பவர்களுக்குத் தைரியம் சொல்ல அவன் குனிந்து பேசினான்.

"பயப்படாதீங்க சார். கயிறு நல்லாத்தான் இருக்கு. பிரேக்குதான் பழசு."

பன்னிரண்டே நிமிடத்தில் கதவு திறந்தது. இயக்குநர் வியர்வையில் குளித்து வெளியே வந்தார். அவன் கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்தார்.

மறுநாள் கோப்பில் ஏறிய அறிக்கை இது: 'முன்னாள் பயங்கரவாதி ஒருவர் கருவிகளுடன் (ஸ்பேனர் மூன்று, ஸ்க்ரூடிரைவர் நான்கு) பாதுகாப்பு வளையத்துக்குள் நுழைந்தார். அச்சமயம் உயர் அதிகாரிகள் இருவர் இருட்டறையில் அடைபட்டிருந்தனர். அன்னார் அவர்களிடம் கயிறு பற்றியும் பிரேக் பற்றியும் பேசினார்.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இயக்குநரின் அனுமதிக் கையெழுத்து அச்சத்தின் பிடியில் இடப்பட்டது, ஆகவே செல்லாது என்று சட்டப் பிரிவு முடிவு செய்தது. அந்தரத்தில் தொங்கியபடி போட்ட கையெழுத்து வேறு எப்படி இருக்கும்.

'மீண்டும் வழிதவறியவர்' என்று அவனைக் கைது செய்தார்கள். ஆறு மாதத்துக்கு நீதிமன்றம் கிடையாது. விசாரணையில் இருப்பதே கைதானவருக்குப் பாதுகாப்பு என்கிறது சட்டம். அலுவலக விசாரணையில் சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். கருவிகளோடு அவனைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். சொல்ல நிறைய இருந்தது. இல்லை என்றேன்.

வராந்தாவில் அவனை அழைத்துப் போகும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றான்.

"அக்காகிட்ட பக்குவமா சொல்லுங்க அத்தான். பயந்துடப் போறா."

எங்கள் வகுப்பறையின் இருபது நாற்காலிகளில் ஒன்றில் இப்போது ஆள் இருக்கிறது. பன்னிரண்டு வகுப்புகளும் அவன் ஒருவனுக்காகவே நடக்கின்றன. கரும்பலகை ஆடியதாம், ஆணியை முடுக்கிச் சரிசெய்திருக்கிறான். அது தனிக் குற்றமாகப் பதிவாகியிருக்கிறது. இயக்குநர் தலைமையகத்துக்கு உயர்ந்தார். நான் பிரிவுத் தலைவரானேன். லிப்ட் மறுபடி நின்றுவிட்டதால் எல்லோரும் படியேறுகிறோம். உடம்புக்கு நல்லது.

நேற்று புதிதாக ஒரு படிவம் வந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து நிரப்பினேன். கடைசிக் கேள்வி: 'இம்மாவட்டத்தில் அப்பாவிகளைப் பயங்கரவாதிகளாக மாற்றுபவர்கள் உள்ளனரா? ஆம் எனில், எத்தனை பேர்?' இல்லை என்று எழுதுவதற்கு முன் கைகழுவி வரலாம் என்று எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால், அந்தக் கட்டம் என் மனைவியின் குண்டுக் கையெழுத்தில் நிரம்பியிருந்தது.

'ஆம். நாற்பது பேர். பெயர் விவரங்களுக்கு அலுவலக வருகைப் பதிவேட்டைப் பார்க்கவும்.'