செல்லதுரைக்கு நான் பொன்னாடை போர்த்துவதாக இல்லை

வானொலி நிலையத்து மேலதிகாரி ஐயா அவர்கள் சமூகத்துக்கு, கூத்தாநல்லூருக்குத் தெற்கே வாய்க்கால்கரைத் தெருவில் இருக்கும் வீரையன் சம்சாரம் ராசம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் வீட்டுக்காரரும் உழவு மாடு இரண்டும் சுகம். வெண்ணாற்றில் தண்ணீர் வந்து நாற்றங்கால் நனைந்துவிட்டது. அவ்விடம் தாங்களும் பிள்ளைகுட்டிகளும் மைக்கு முதலான சாமான்களும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் அனுப்பிய அழைப்பு வந்தது. விவசாய நிகழ்ச்சி அறிவிப்பாளர் செல்லதுரை ஓய்வு பெறுகிறார், திருவாரூரில் பாராட்டு விழா, பழைய நேயர் என்ற முறையில் நான் மேடையேறிப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று போட்டிருந்தது. என் பெயரைக் கொடுத்தவர் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் கலந்தர். "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க தம்பி? நெதமும் அந்த ஆளை நான் திட்டுறது உங்களுக்குக் காதுல விழலையா?" என்றேன். "திட்டுறதுக்காகவாவது ஒருநாள் விடாம கேக்குறது நீங்க மட்டும்தானே அக்கா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஐயா, நான் போர்த்தமாட்டேன். காரணத்தைக் கேளுங்கள்.

ஆடுதுறை இருபத்தேழு என்று புது நெல் வந்ததே, செல்லதுரை சொல்லிச் சொல்லி நட்டதால் ஊரே அதை ரேடியோ நெல் என்றதே, அந்த வருஷத்திலிருந்து கணக்கு. அப்போது எங்களிடம் ரேடியோ இல்லை. நாங்கள் குத்தகைக்கு உழுதது மிராசுதார் பஞ்சநதம் நிலத்தை; அவர்தான் ரேடியோ வாங்கி, குடியானவர்கள் கேட்டுத் திருந்தட்டும் என்று களத்தைப் பார்த்த ஜன்னலில் வைத்தார். நெல் விளைந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் வைக்கோல் முழங்கால் உயரம். கூரை வேய எட்டவில்லை. அந்த ஐப்பசி முழுக்க நானும் மாடும் ஒரே மாதிரி நனைந்தோம். மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்தைக் கூட்டி, இந்தக் குட்டை வைக்கோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று செல்லதுரைக்கு ஒரு கார்டு எழுதினேன். எழுதியதை வீட்டுக்காரருக்குப் படித்துக்காட்டி, கூத்தாநல்லூர் போகும்போது தபாலில் போடச்சொல்லி அவரிடமே கொடுத்தேன். சனிக்கிழமை நேயர் கடிதம் படிக்கும்போது ஜன்னலுக்கு நேரே போய் நின்றேன். என் பெயர் வரவில்லை. எதிர்வீட்டு வேம்பு பெயர் வந்தது. அவள் என்ன எழுதினாள் தெரியுமா? நிகழ்ச்சி நன்று. அவ்வளவுதான். அதற்கு செல்லதுரை நன்றி வேறு சொன்னார். பிறகும் இரண்டு தரம் அவள் பெயரைப் படித்தார். "உன் கார்டு மழையில நனைஞ்சு எழுத்தெல்லாம் கரைஞ்சிருக்கும் அக்கா" என்று குழாயடியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். எலி பற்றி எழுதினேன், இலை மஞ்சளானது பற்றி எழுதினேன், பதில் இல்லை.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஒரு மாசி மாதம் செல்லதுரை, நிலத்தைச் சாகுபடி செய்கிற குத்தகைதாரர் தம் பெயரைத் தாலுக்கா ஆபீசில் பதிந்துகொள்ள சட்டம் வந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். களத்தில் தூற்றிக்கொண்டிருந்த அத்தனை முறமும் நின்றன. உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. ரேடியோ அணைந்தது. "பேட்டரி தீந்துபோச்சு, வேலையைப் பாருங்க" என்றார் பஞ்சநதம். அந்த பேட்டரி பாட்டு நேரத்துக்குத் தானாகவே உயிர் பெற்றுக்கொண்டது. ஆளை வெளியேற்றுகிற காலம் ஐயா அது. பதியாவிட்டால் நாளைக்கே வேறு ஏர் வந்து இறங்கலாம். அன்றைக்கே எழுதினேன். எந்தத் தேதிக்குள், என்னென்ன காகிதம், பொம்பளை பெயரையும் சேர்க்கலாமா. பதில் இல்லை. மறுபடி எழுதினேன். இல்லை. கடைசியில் கலந்தர் தம்பிதான் விசாரித்துக் கூட்டிப்போய்ப் பதியவைத்தார். புயல் வருஷம் தொண்டை கட்டிப்போயும் கோடியக்கரைக்காரர்களைக் கரைக்கு வாருங்கள், கரைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாரே, அந்த மனுஷர் என் ஒரு கார்டுக்கு வாய் திறக்கவில்லை. பதிந்த பிறகு எழுதியதையும் சேர்த்துப் பதினோரு கார்டு ஐயா. வேம்புவைக் கூப்பிட்டுப் போர்த்தச் சொல்லுங்கள்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், நிலையத்துக்குத் தடையில்லாத கரண்டும், செல்லதுரைக்கு நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ராசம்மாள்

பின்குறிப்பு: இதை மடித்துத் தபாலில் போட வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். வாங்கியவர் நகரவில்லை. "என்னங்க?" என்றேன். தன் தகரப் பெட்டியைத் திறந்தார். குத்தகைப் பதிவுக் காகிதத்துக்கு அடியில் என் கார்டுகள் பதினொன்றும் நூலால் கட்டி இருந்தன.

"நீ கேட்டது அந்த ஜன்னல் வழியா உன் பேரோட வந்திருந்தா, மறுநாள் மிராசுதார் நம்மள ஏர் பூட்ட விட்டிருப்பாரா ராசம்மா?"

"சரி. பதிஞ்ச பிறகு ஏன் போடல?"

"அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

ஐயா, மேலே எழுதியதை அடித்துவிடலாம். எழுத இரண்டு நாள் ஆனதால் எனக்குக் கை வரவில்லை, தாங்களே அடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை நானே போய்ப் பெட்டியில் போடுகிறேன். விழாவுக்கு வருகிறேன், போர்த்துகிறேன், பதினோரு கார்டும் கொண்டுவருகிறேன். செல்லதுரை தம்பி அத்தனையையும் மைக்கில் படித்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரரும் வருவார். அவரை முன்வரிசையில், எழுந்து போக முடியாதபடி நடுவில் உட்காரவையுங்கள்.